முதுமையும் வண்ணத் துணியும்

மலைநாட்டிலே துணி என்றவுடன் கண்முன் தோன்றுவது கலைப்பொருளன்று. கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடையிற் கட்டிய படங்கும், மழைக்குத் தலையிற் போர்த்த கம்பளியுமே. உடலைக் காக்கும் துணி அது. உவகையைப் புலப்படுத்தும் துணி அன்று. அட்டனிலும் நுவரெலியாவிலும் இவ்வாறு உழைத்து ஓய்ந்தவர்க்கு முதுமையிலே கொண்டாடத்தக்கது யாதேனும் உண்டோ என்று வினவுவோர், அதே மத்திய மாகாணத்தின் வடபாலுள்ள மாத்தளையை ஒருகால் நோக்குதல் தகும். அதனை அடுத்த அலுவிகாரையிலேதான் ஈனா டி சில்வா (1922–2015) தம் முதுமையை மெழுகோடும் சாயத்தோடும் கழித்தார்.

அவர் செல்வக்குடியிற் பிறந்தவர். தந்தையார் சேர் றிச்சர்ட் அலுவிகாரை, இலங்கையருள் முதன்முதல் பொலிஸ் மா அதிபரானவர். கணவரும் பின்னர் அப்பதவியை வகித்தார். ஈனா 1960களிலே பத்திக் தொழிலை மேற்கொண்டு, நலிந்திருந்த அக்கலைக்குப் புத்துயிர் அளித்தோருள் ஒருவரானார். ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை விடுதியின் பத்திக் விதானம் அவர் புகழை நிலைநாட்டிற்று. ஆயினும் ஈண்டு ஆராயத்தக்கது அப்புகழன்று. 1980களில், அறுபதாம் அகவையை அடுத்து, அவர் அலுவிகாரைக்கே மீண்டமையாகும். பிறர் ஓய்வை நாடும் பருவத்திலே அவர் பட்டறையை நாடினார்.

பத்திக் செய்முறையை அறியாதார்க்கு இதன் பொருள் முற்றும் விளங்காது. ஓவியன் தான் வேண்டும் வண்ணத்தைத் தீட்டுகிறான். பத்திக் செய்வோரோ தாம் காக்க விரும்பும் இடத்தை முதலில் உருக்கிய மெழுகால் மறைக்கின்றனர். பின்பு துணி சாயத்தில் அமிழ்த்தப்படும். மெல்லிய நிறம் முன்னும் அடர்ந்த நிறம் பின்னுமாக, ஒவ்வொரு நிறத்துக்கும் மெழுகும் தோய்ப்பும் மாறிமாறி நிகழும். ஈற்றில் கொதிநீரிலிட்டு மெழுகை நீக்கும்வரை முழு உருவும் கண்ணுக்குப் புலனாகாது. இடையிலே மெழுகு வெடித்தால் வெடிப்பினூடே சாயம் புகுந்து நரம்புபோல் ஓடும். அதனை அழித்தல் அரிது. அழகாக ஏற்றுக்கொள்ளுதலே வழி. பழுதையும் கோலத்தின் பகுதியாக்கும் இக்கலை முதியோர் கைக்கு இயைந்ததென்பது வியப்பன்று.

அவர் பெரிதும் விரும்பிக் கையாண்ட வடிவம் கொடியாகும். 1982இல் திறக்கப்பெற்ற கோட்டை நாடாளுமன்றத்துக்கும் அவர் கொடிகள் செய்தளித்தார். கொடி, சுவரிலே நிலையாகத் தொங்கும் படம் போன்றதன்று. ஒரு நாளைச் சிறப்பிக்க ஏற்றப்படுவது. மாத்தளை முத்துமாரியம்மன் மாசிமக விழாவில் ஐந்து தேர்கள் ஓடக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தேர்ச்சீலையும் தொம்பையும் விழா இல்லாத நாளில் மடித்து வைக்கப்பெறும் வெறுந்துணியே. பிரான்சிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லூயிஸ் பூர்ஷ்வா தமது தொண்ணூறாம் அகவையளவில், 2002இல், தம் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டித் தைத்து ஒரு துணி நூலையே ஆக்கினார். அவருடைய துணி கடந்ததை நினைப்பது. ஈனாவின் துணி வரப்போகும் விழாவை எதிர்நோக்குவது. முதுமைக்கு இரண்டும் உரியனவே. எனினும் பின்னையது அரிது.

இதனை முதுமைப் பொழுதுபோக்கென்பார் உளர். அது பொருந்தாது. அலுவிகாரையில் மெழுகிட்டவரும் ஊசி பிடித்தவரும் அவ்வூர்ப் பெண்களே. தையலும் சாயமும் அவர்க்குக் கூலி தரும் தொழிலாயின. ஈனாவின் உவகை தனித்து அமர்ந்து பெற்றதன்று; நாளை வேலைக்கு வருவோர்க்கு இன்று கோலம் வரைந்து வைக்க வேண்டிய கடமையிற் பிறந்தது. குறை கூறுவதாயின், விடுதிகளின் அலங்காரத்துக்காகச் செய்தவற்றில் அழகு மிகுந்தும் அழுத்தம் குறைந்தும் இருப்பதைக் கூறலாம். பயணி அண்ணாந்து பார்த்துக் கடந்துவிடும் துணிக்கு அத்தகைய குறை நேர்வது இயல்பே.

குடிப்பிறப்பும் நிலமும் பெயரும் உடையார்க்கு இது இயன்றது, லயத்து முதியவளுக்கு இயலுமோ என்னும் வினா எஞ்சுகின்றது. அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. பெயர்ப் பதிவிலிருந்து நீங்கும் நாளில் அவள் கையிலே கொழுந்துக் கறையும் முழங்காலிலே நோவுமே மிச்சம். அவளுக்குப் பட்டறை அமைத்துக் கொடுத்தார் இலர். எனினும் முன்னாளில் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பெற்ற கிழவியர், பழஞ்சேலையை உத்தரத்திற் கட்டித் தொட்டிலாக்கினர். எந்தச் சேலையின் எந்தக் கரை குழந்தையின் கண்ணுக்கு நேராக வரவேண்டும் என்று ஒருத்தி எண்ணிக் கட்டியிருப்பாளாயின், அவளும் வண்ணத்தைத் தேர்ந்தவளே. அத்தொட்டில்கள் எந்தக் காட்சிச்சாலையிலும் இடம்பெறவில்லை. அடுத்த குழந்தைக்காக அவை அவிழ்க்கப்பட்டுத் துவைக்கப்பட்டன.