மூன்று கம்பி போதும்

ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் வண்டிகளுக்கும் புகைச் சான்றிதழ் கட்டாயம். பரிசோதனையின்போது எல்லோர் கண்ணும் சைலன்சருக்குள் செருகிய குழாய் மேல்தான். எனக்குப் பிடித்தது, பல கருவிகளின் முதுகிலிருந்து கணினிக்குப் போகும் சீரியல் கேபிள். 1960-இல் பிறந்த ஆர்எஸ்-232 தரம். அனுப்ப ஒரு கம்பி, பெற ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று. கார்பன் மோனாக்சைடு அளவு பிட் பிட்டாக வந்து சேரும். சும்மா இருக்கும்போதும் கம்பியில் எதிர்மறை மின்னழுத்தம் நிற்கும். அது நேர்மறைக்குத் தாவினால் ஓர் எழுத்து தொடங்குகிறது. என்ன ஒழுங்கு! கருவி விநாடிக்கு 9600 பிட் வேகத்திலும் கணினி 4800-லும் இருந்தால் மட்டும் திரையில் குப்பை எழுத்துகள். புதுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இந்தக் கேபிளைச் செருகும் ஒன்பது முள் போர்ட் இல்லை. அதனால் யூஎஸ்பி மாற்றி வாங்குகிறவர்கள் மட்டமானதை வாங்காதீர்கள்.