எல்லாளன் நினைவுச் சின்னமும் வலப்பனை வயல்களும்

ஒரே மண்ணில் வாழும் இரண்டு இனங்களின் சரித்திரத்தை யுத்தங்களின் வரிசையாகவே எழுதிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. உதுமானியப் பேரரசில் ஆர்மீனியர் ‘விசுவாசமுள்ள சமூகத்தார்’ என்று நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தனர். 1915இல் அவர்கள்மீது நிகழ்ந்த நாடுகடத்தலையும் படுகொலையையும் துருக்கியரின் ஆதிகாலப் பகை என்று எழுதுவோர், ஆணையிட்ட ஆட்சியாளரை எளிதில் தப்பவிடுகின்றனர். துட்டகைமுனு, எல்லாளன் போரைப் பற்றி நம் நாட்டில் எழுதப்படுவனவும் பெரும்பாலும் இந்த ரகந்தான்.

மகாவம்சத்தையே எடுத்துப் படிப்போம். போர் நடந்து ஏறக்குறைய 600 ஆண்டுகள் கழிந்தபின் பௌத்த மடத்தில் எழுந்த நூல் அது. ஆயினும் அதில் வரும் எல்லாளன் கொடுங்கோலன் அல்லன். நண்பன், பகைவன் என்ற பேதம் பாராது 44 ஆண்டுகள் நீதி செலுத்தியவன். கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனைத் தண்டித்த கதையை நாம் வகுப்பில் மனுநீதிச் சோழனுக்கு உரியதாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அங்கே அது எல்லாளன் கதை. துட்டகைமுனு அந்தப் போருக்கு முன்னர் வாளேந்தியதோ சொந்தத் தம்பி திஸ்ஸனுக்கு எதிராக! வென்றபின் பகைவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடும் ஏற்படுத்தினான். பின்வந்த அரசரும் அவ்விடத்தை நெருங்குகையில் வாத்தியங்களை நிறுத்தினராம்.

அதே நூலில்தான் நம்மைத் திடுக்கிட வைக்கும் பகுதியும் உண்டு. மாண்ட உயிர்களை எண்ணி வருந்தும் மன்னனிடம், இறந்தவருள் மனிதர் எனத்தக்கோர் ஒன்றரைப் பேரே என்று அரகந்தர் தேற்றுகின்றனர். ஏனையோர் மிருகங்களுக்கு ஒப்பானவராம். வருந்தும் மன்னனைப் படைத்த ஆசிரியரை வணங்குகிறோம். இந்தத் தேறுதலை எழுதியவரை மன்னிக்க முடியவில்லை. சிங்கள இனவாதி இத்தேறுதலை இறுகப் பற்றிக்கொண்டான். நம்மவரோ எல்லாளனை இனவீரனாக்கிப் பதில் சொன்னார்கள். இரு சாராரும் தாண்டிச் சென்றது அந்த நினைவுச் சின்னத்தை.

வலப்பனையில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இங்கே பள்ளத்தில் சிங்களக் குடியானவரின் வயல்கள்; மேட்டில் தேயிலையும் லயங்களும். 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களை அந்தப் பழைய போரின் தொடர்ச்சி என்பாருக்கு இவ்வூரின் கதை தெரியாது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனைகளையும் முடிக்குரியன ஆக்கியது. அவை கோப்பித் தோட்டங்களாயின. உழைக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோர் நம் முன்னோர். 1880களில் நெல்வரி கட்ட வகையற்ற வலப்பனைக் குடியானவரின் வயல்கள் ஏலத்தில் போயின. பட்டினியால் மடிந்தோர் பலர். 1892இல்தான் அவ்வரி ஒழிந்தது. மேட்டிலிருந்தவனின் பிள்ளைகளோ, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். தன் காட்டைப் பறித்தவன் லயத்துத் தமிழனே என்று பள்ளத்திலிருந்தவன் நம்பினான். பறித்த துரை கப்பலேறிப் போய்விட்டான்.

தீ வைத்தவரின் குற்றத்தை நாம் மறைக்கவில்லை; ஏவியவர் யார் என்றும் கேட்கிறோம். நாம் படித்த மலையகக் கதைகள் பலவற்றில் சிங்களக் கிராமத்தான் தீவட்டியோடுதான் தோன்றுகிறான். வயலை ஏலத்தில் இழந்தவனுடைய பேரனாக அவனை எவரும் எழுதக் காணோம்.