அயல்மண்ணில் ஒரு கேமரா

1950 ஏப்ரலில் ரமண மகரிஷி நோய்ப்படுக்கையில் இருந்தபோது, பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் தம் லைக்கா கேமராவோடு திருவண்ணாமலையில் இருந்தார். திரைப்பட இயக்குநர் ழான் ரெனுவாரின் படங்களில் உதவியாளராக வேலை பார்த்தவர். 1947இல் மேக்னம் ஒளிப்பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிற நாட்டுக்குப் போய்ப் படம்பிடிக்கும் தொழிலின் நிறைகுறைகளை எடைபோட அவர் இங்கே எடுத்த படங்களே போதும்.

அவர் ஃபிளாஷ் போடமாட்டார். ஆட்களை வரிசையாக நிறுத்தி எடுக்கமாட்டார். மரணம் நெருங்கிய ஓர் ஆசிரமத்தில் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் வேலைசெய்ய அந்தப் பழக்கம் கைகொடுத்தது. வெளியூர்க் கண்ணுக்கு எதுவும் பழகிப்போயிருக்காது என்பதும் பலம்தான்.

குறையும் அதே இடத்தில் இருக்கிறது. மகரிஷி 1896 முதல் 54 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். விடியுமுன் அடுக்களையில் காய் நறுக்கினார், மலையில் நடந்தார். வந்துபோகிற கேமராவுக்குக் கிடைத்தது கடைசி நாட்கள் மட்டுமே. நடமாடிய ரமணரைக் காண, ஆண்டுக்கணக்கில் வந்து வந்து எடுத்த சென்னை மருத்துவர் டி.என்.கிருஷ்ணசாமியின் படங்களைத்தான் தேட வேண்டும். ஏப்ரல் 14 இரவு 8.47க்கு வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பிரெசோனும் கண்டார். மகரிஷி உயிர்நீத்த நேரமும் அதுவே. தருணத்தைப் பிடிப்பதில் பேர்போனவரிடமிருந்து அந்தத் தருணம் நமக்குச் சாட்சிச் சொல்லாகவே வந்து சேர்ந்தது.

திரைப்படத்திலும் இதே சிக்கல் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் லூயி மாலின் 'பாண்டம் இந்தியா' (1969) ஆவணத் தொடருக்காக ஒளிப்பதிவாளர் எத்தியென் பெக்கர் எடுத்த மயிலாப்பூர்த் தேரோட்டம் இன்றும் மலைக்க வைக்கிறது. தொடரை பிபிசி ஒளிபரப்பியபோது, வறுமையையே காட்டுகிறது என்று இந்திய அரசு கொதித்தது. பிபிசியின் டெல்லி அலுவலகம் மூடப்பட்டது. தமக்குப் புரியாததைப் புரியவில்லை என்றே சொன்ன மாலின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் படத்தில் பெரும்பாலும் பேசுவது அவர் குரல்தான். வடம்பிடித்தவர்களின் பேச்சு நமக்குக் கேட்பதில்லை.

நம்மவர்களும் விலக்கல்ல. 'ஜீன்ஸ்' (1998) படத்தின் ஒரே பாட்டில் உலக அதிசயங்கள் ஏழும் வந்துபோயின. அசோக்குமாரின் ஒளிப்பதிவு அழகு. ஆனால் அந்த இடங்களில் வாழ்கிற ஒருவரும் நம் மனதில் தங்கவில்லை. அயல்நாடு நமக்குப் பாட்டுக்கான பின்னணித் திரையாகிவிட்டது.

ஆகவே, கேமராக்காரர் எந்த நாட்டவர் என்பது எனக்குப் பெரிதில்லை. எத்தனை நாள் தங்கினார், யாரைக் கேட்டு எடுத்தார் என்பதே பெரிது. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை மலையுச்சியில் எழும் சுடரை எவரும் எடுத்துவிடலாம். அதை ஏற்றும் உரிமையுள்ள பர்வதராஜகுலத்தாரோடு 2,668 அடி மலையேறி, தீபம் எரியும் பதினொரு நாளும் ஊரில் இருந்து, எடுத்ததை அவர்களிடமே முதலில் போட்டுக் காட்டுகிறவர் எந்தத் தேசத்திலிருந்து வந்தாலும் இந்த ஊரின் ஒளிப்பதிவாளர்தான்.