'ரீஜன் ஃப்ரீ' என்பது பாதிப் பொய்

டிஸ்க் பிளேயரை 'ரீஜன் ஃப்ரீ' ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த நம்பருக்கு மாற்றுவீர்கள் என்று முதலில் கேளுங்கள். '0' என்று மட்டும் பதில் வந்தால் பாதி வேலைதான் தெரியும் என்று அர்த்தம்.

டிவிடிக்காக உலகத்தை ஆறு கூறு போட்டார்கள். அமெரிக்கா 1, வளைகுடா 2, சிங்கப்பூர் 3, நாம் 5. மானம் பார்த்த பூமி எங்கள் கோவில்பட்டிப் பக்கம். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பிழைக்கப் போனவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ஆங்கிலப் பட டிஸ்க், இங்கே விற்ற பூட்டுப் போட்ட பிளேயரில் ஓடாது. காசு கொடுத்து வாங்கின ஒரிஜினல்தான், ஆனாலும் ஓடாது. திருட்டு சிடிக்கோ பூட்டே கிடையாது! நேர்மையானவனை மட்டும் தடுக்கிற வேலி.

இதற்கு வைத்தியம் பல மாடல்களில் ரிமோட்டிலேயே இருந்தது. தட்டைத் திறந்து வைத்து, குறிப்பிட்ட எண்களை வரிசையாக அழுத்தினால் ஒரு ரகசிய மெனு வரும். அதில் 0 போட்டால் எல்லாம் ஓடும். 2000 வாக்கில் ஹாலிவுட் கம்பெனிகள் இதற்கும் ஒரு மாற்று வைத்தன. டிஸ்க்கே பிளேயரைப் பார்த்து 'நீ எந்த ரீஜன்?' என்று கேட்கும். 'எல்லாமும்' என்று சொல்கிற பிளேயர் மாட்டிக்கொள்ளும். 1 என்று சொன்னால்தான் படம்.

புளூ-ரேயில் இதுவே விதியாகிவிட்டது. பிளேயருக்குள் பிஎஸ்ஆர் 20 என்று ஒரு சின்ன நினைவிடம். ஏ, பி, சி மூன்றில் ஏதாவது ஒன்றுதான் அதில் இருக்கும்; டிஸ்க்கில் உள்ள நிரல் அதைப் படித்துப் பார்த்து முடிவெடுக்கும். இந்தியா சி. நான் பேசிப் பார்த்த மெக்கானிக் அண்ணாச்சி ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, பூட்டு பெட்டிக்குள்ள இல்ல, தட்டுலதான் இருக்கு." அதனால்தான் நல்ல மாற்றுப்பலகைகள் எல்லாவற்றையும் திறந்துவிடுவதில்லை. ரிமோட் பட்டனால் அப்போதைக்கு ஏ, அப்போதைக்கு பி என்று மாற்ற வைக்கின்றன. 'ஃப்ரீ' என்பதைவிட 'மாற்றக்கூடியது' என்பதே சரியான பெயர்.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் சத்யஜித் ராயின் அபு மூன்று படங்கள். 1993இல் லண்டன் லேப் ஒன்றில் தீப்பிடித்து மூல நெகட்டிவ்கள் கருகின. இத்தாலியின் பொலோன்யாவில் அவற்றைப் பக்குவப்படுத்தி 4கே-யில் மீட்டார்கள். அபாரமான உழைப்பு, அதில் சந்தேகமே இல்லை. 2015இல் கிரைட்டீரியன் வெளியிட்ட புளூ-ரேயோ ரீஜன் ஏ. வங்காளக் கிராமத்துப் பையனின் கதை; அந்தத் தட்டு கல்கத்தாவிலும் ஓடாது, கோவில்பட்டியிலும் ஓடாது. உரிமை விற்பனையில் நாடு நாடாகப் பிரிப்பது வியாபாரம், புரிகிறது. வாங்கிய பிறகும் ஏன் காவல்?

சட்டம்? பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. சொந்த டிஸ்க்கைச் சொந்த வீட்டில் பார்ப்பது அதில் வராது என்பது என் வாசிப்பு. நியூசிலாந்து ரீஜன் பூட்டைப் பாதுகாப்பு வரையறையிலிருந்தே வெளியே தள்ளிவிட்டது.

இன்னொன்று: ரீஜன் வேறு, என்டிஎஸ்சி–பால் வேறு. ஜப்பானும் ஐரோப்பாவும் ஒரே ரீஜன் 2, டிவி முறை மட்டும் வேறு. பூட்டைத் திறந்தும் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டால் பலகையைக் குறை சொல்லாதீர்கள், டிவியைப் பாருங்கள். 4கே அல்ட்ரா எச்டி தட்டுகளில் ரீஜன் பூட்டே இல்லை. அந்த பிளேயரிலும் பழைய புளூ-ரேயைப் போட்டால் அதே கேள்விதான் வரும்.