குடையும் நடையும்: கோலாலம்பூர்ப் பழைய புகைவண்டி நிலையம்

நூலை ஆராய்வது போலவே கட்டடத்தையும் ஆராயலாம். எதன்பொருட்டு எழுந்தது, அப்பயனை நிறைவேற்றுகிறதா, அணி பொருளுக்குப் பொருந்துகிறதா என்னும் வினாக்கள் இரண்டுக்கும் பொதுவானவையே. கோலாலம்பூர்ப் பழைய புகைவண்டி நிலையத்தை அவ்வாறு நோக்குவோம்.

1910இல் கட்டி முடிந்த இந்நிலையத்தை வரைந்தவர் பொதுப்பணித் துறையின் கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். வெண்சுவரையும், குதிரை லாட வளைவுகளையும், கூரைமேல் தூண்கள் தாங்கும் குடைமண்டபங்களையும் கண்டு மொகலாயக் கலை என்று புகழ்வோர் பலர். அது முழு உண்மையன்று. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயரின் கலைஞர்கள் அங்கு வளர்த்த இந்தோ சாரசனிக் என்னும் கலப்புப் பாணி இது. சென்னை உயர்நீதிமன்றமும் (1892), எழும்பூர் நிலையமும் (1908) இம்மரபினவே.

ஹப்பக், 1909இல் முடிந்த ஜாமிக் பள்ளிவாசலுக்கும் குடையும் வளைவுமே அணிவித்தார். நிலையத்துக்கு எதிரே 1917இல் எழுந்த ரயில்வே தலைமை அலுவலகத்துக்கும் அவ்வணியே. தொழுகைக்கும் பயணத்துக்கும் அலுவலுக்கும் ஒரே அணி தகுமா? நிலையத்துள் நுழைந்தால் நடைமேடைகளுக்கு மேல் நிற்பது இங்கிலாந்து நிலையங்களின் வழிவந்த இரும்புக் கூரை. வெளித்தோற்றத்துக்கும் உள்ளமைப்புக்கும் உறவு குறைவு என்பதே இதன் குறை.

ஆயினும் அகன்ற வளைவு நடைகளைக் குறை கூற இயலாது. கடும் வெயிலும் திடீர் மழையும் உள்ள இந்நாட்டில் அவை நிழல் தருகின்றன, காற்றுக்கு வழிவிடுகின்றன. அழகும் பயனும் ஒன்றுபடும் இடம் அதுவே. எனவே இக்கட்டடத்தின் உண்மைச் சிறப்புக் குடையில் இல்லை, நடையில் இருக்கிறது.

இன்னொன்றும் நாம் எண்ணுதல் வேண்டும். எழும்பூர் நிலையத்தைப் பேசுவோர், அதை வரைந்த ஹென்றி இர்வினோடு, கட்டிய ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளையையும் நினைக்கின்றனர். இங்கோ புகழுரை பெரும்பாலும் ஹப்பக்கோடு நின்றுவிடுகிறது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடாவுக்கும், 1890இல் கிள்ளானுக்கும் இருப்புப்பாதை சென்றது. அத்துறை வளர்ந்தபோது தண்டவாளத்தைப் பேணிய தமிழ்த் தொழிலாளரும், எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் பணியாற்றிய இலங்கைத் தமிழரும் அதைத் தாங்கினர். பிரிக்பீல்ட்ஸ் அவர்களால் வளர்ந்த ஊர்.

2001இல் நெடுந்தொலைவு வண்டிகள், பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில்வே யார்டில் எழுந்த கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு மாறின. பழைய நிலையத்தில் இன்றும் கொமுட்டர் வண்டிகள் நிற்கின்றன, கட்டடம் நிலைத்திருக்கிறது. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் அரசு ஊழியர் குடும்பங்கள் வாழ்ந்த ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. அழகிய மாளிகை மட்டுமே மரபுச் செல்வம் என்று கருதினால் வரலாற்றில் ஒரு பாதி நம் கையைவிட்டுப் போகும்.

மாணவரை அந்நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்கள், குடைமண்டபங்களைக் காட்டியபின் தண்டவாளத்தையும் காட்டுவாராக. பாட்டன் பாட்டி ரயில்வேயில் என்ன வேலை பார்த்தனர் என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லுதல் நல்லதொரு கட்டுரைப் பயிற்சியாகும். இடிந்த வீடுகள் அவ்வேடுகளிலேனும் நிலைபெறும்.