ஊர்ப் பெயர்களும் உழைப்போர் நாவும்

எமது ஊர்களைப் பற்றிய நூல்களிலும் விழா மலர்களிலும் இடப்பெயர்க் கட்டுரை ஒன்று தவறாது இடம்பெறும். அதனைப் படித்து முடிப்பவர் ஊரின் பெயர் எம்மொழியில் பிறந்தது, எவ்வரசன் அங்கு கால்வைத்தான் என்பவற்றை அறிவார். அவ்வூரில் யார் என்ன தொழில் செய்து வாழ்ந்தனர் என்பதை அறியார். சுவாமி ஞானப்பிரகாசர் போன்றோர் சொற்களின் வேரைத் தேடியதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் எப்பெயர் பதியத்தக்கது என்ற தெரிவிலேயே ஒரு வர்க்கப் பார்வை உண்டு.

பருத்தித்துறையை எடுத்துக்கொள்வோம். பருத்தி ஏற்றிய துறை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். போர்த்துக்கேயர் அதன் கற்பாங்கான கரையைக் 'கற்களின் முனை' என்ற பொருளில் பொன்ரா தாஸ் பெத்ராஸ் என்றனர். ஆங்கிலத்தில் அது பொயின்ற் பீட்றோ ஆயிற்று. கல் ஆளாக மாறிய இவ்வேடிக்கைக்குப் பக்கங்களை ஒதுக்குவோர், அந்நகரின் தெருமூடிமடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். வழியின் மேலேயே கூரையிட்டு நிற்கும் அம்மடம் கட்டுவித்தவர் பெயரால் வழங்கவில்லை. வெயிலில் வந்து அதன் நிழலில் இளைப்பாறியோர் கண்டதைச் சொன்னார்கள்; அச்சொல்லே பெயராயிற்று. சுமைதாங்கியடி, புளியடி என்பனவும் இவ்வாறு பிறந்தவையே. கலட்டி என முடியும் காணிப்பெயர்களோ இன்னும் கூர்மையானவை. கல்நிலமாகக் கிடந்த அவ்விடத்தில் இன்று வெங்காயமோ புகையிலையோ விளைகிறதெனின், கல்லுடைத்து மண் சுமந்த கைகள் யாருடையவை?

காணிப்பெயர்கள் எஞ்சியதற்கும் காரணம் உண்டு. ஒல்லாந்தர் வரி அறவிடத் தோம்பு எழுதினர். பின்னர் உறுதிகள் வந்தன. விற்கவும் ஈடுவைக்கவும் கூடிய நிலம் பெயரோடு ஏட்டில் ஏறியது. கடலுக்கு உறுதி இல்லை. வள்ளம் கரையேறும் இடைவெளிகள், கடலடிப் பார்கள், கரைவலைப் பாடுகள் ஆகியவற்றின் பெயர்களுக்குத் தொழிலாளர் நாவே ஏடு.

1990 இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது துறைமுகம் 2017 இலேயே விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள்! காணி வைத்திருந்தவர் உறுதியைக் காட்டி எல்லை கேட்கலாம். முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞனுக்குத் தன் பாட்டன் வலை வளைத்த பாட்டை எவ்வேடு காட்டும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சாதியைச் சுட்டும் குறிச்சிப் பெயர்கள் எமது குடாநாட்டில் உண்டு. அங்கு வாழ்வோர் அவற்றை நீக்கிப் புதுப்பெயர் சூட்டும்போது நாம் அவர்கள் பக்கமே நிற்போம். பழமை பேணும் பண்டிதர் பக்கமல்ல. வழக்கிலிருந்து அப்பெயர்கள் நீங்கட்டும். ஆனால் பதிவிலிருந்தும் அவற்றைத் துடைத்துவிடுதல் இழிவு செய்தவர்களுக்கே வசதியாகும். எவர் எவரை அவ்வாறு அழைத்தனர் என்ற குறிப்போடு அவை ஆவணத்தில் இருத்தல் வேண்டும்.

இப்பணிக்குப் பேராசிரியர் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. உயர்வகுப்பு மாணவரின் கையிலுள்ள கொப்பியே போதும். பெயரைக் கேட்டவாறே, பேச்சு வழக்கைத் திருத்தாமல் எழுதவேண்டும். தமிழாசிரியர்களாகிய எமக்கு இது சற்றுக் கடினமே. சொன்னவரின் தொழிலையும் வயதையும் குறிக்கவேண்டும். ஒரே பாருக்கு இரு பெயர் வழங்கின் இரண்டையும் எழுதவேண்டும். மீன்கடகத்தோடு பெண்கள் நடந்த ஒழுங்கைகளின் பெயர்களை ஆண்களிடம் மட்டும் விசாரித்துப் பயனில்லை.