மெல்லிசையும் வாவிக்கரையும்
1967 இல் கூட்டுத்தாபனமாகிய இலங்கை வானொலி, 1970 களில் வளர்த்தெடுத்த மெல்லிசை நிகழ்ச்சிகள் ஈழத்துக் கவிஞர்க்கும் பாடகர்க்கும் களம் அமைத்தன. எஸ். கே. பரராஜசிங்கம் முதலியோர் திரையிசைக்குப் பழகிய செவிகளைத் தம்பால் ஈர்த்தனர். இப்பணியை மறுப்பார் இலர். ஆயின், மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து கேட்குமிடத்து ஒரு குறை புலப்படுகின்றது. வைகாசிச் சடங்கிலே உடுக்கொலியுடன் பாடப்பெறும் கண்ணகி வழக்குரை பல இரவுகளை வேண்டி நிற்பது. வயற்காவலிலே எழும் கவியோ பக்கவாத்தியம் அறியாதது, எதிர்க்குரலுக்காகக் காத்திருப்பது. இவற்றைச் சில நிமிடங்களுள் அடக்கி வயலினும் தபேலாவும் கூட்டினால் எஞ்சுவது மெட்டு மாத்திரமே. பாடும் மீனைக் கேட்க விழைவோர் துடுப்பை நீரில் ஊன்றிக் காதைப் பொருத்துவர். மீனைக் கரைக்கு அழைப்பதில்லை! ஒலிப்பதிவுக் கருவியே ஊருக்குச் செல்லல் வேண்டும். பாடியவர் பெயரோடு அவ்வூரின் பெயரும் அறிவிக்கப்படல் வேண்டும்.